பேனரில் உள்ள 100 சதவீதத்தைத் தாண்டி: பள்ளியின் தரத்தை நாமே அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு பஸ்ஸில் போனால் வழி நெடுக பேனர்தான். 100% தேர்ச்சி, கணிதத்தில் இத்தனை சென்டம், 500-க்கு மேல் இத்தனை பேர். ஜூன் மாதம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று நம்மில் பலர் அந்தப் பேனரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். திருவாரூர், தஞ்சாவூர் பக்கத்துப் பள்ளிகளில் 26 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பேனரில் போடும் எண் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த எண் எதை எதால் வகுத்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவும், தாளும் பேனாவும் வைத்து வீட்டிலேயே கணக்குப் போடவும் இந்த வழிகாட்டி. பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், பி.டி.ஏ.வில் இருப்பவர், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

முதல் படி: மூன்று எண்களையும் பிரித்து வையுங்கள்

தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களில் பாஸ் ஆனவர்கள். முடிப்பு விகிதம் என்பது பள்ளியில் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள். மூன்றாவது, பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்கும் அடைவுத் தேர்வின் மதிப்பெண். பேச்சில் மூன்றையும் ஒன்றாக்கி ‘ரிசல்ட்’ என்று சொல்லிவிடுகிறோம்.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 94.03 சதவீதம். எழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் பாஸ். அதே வருடம் மார்ச்சில் மொழித்தாள் அன்று சுமார் 50,000 பேர் தேர்வுக்கே வரவில்லை. எழுத வராதவருக்கு இந்த 94 சதவீதக் கணக்கில் இடமில்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை பல வருடமாக நடக்கிறது. 2002-இல் கையெழுத்தான சட்டம் ஒன்று பள்ளிகளை முக்கியமாகத் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே எடைபோட்டது. 2015-இல் அதற்குப் பதில் வந்த சட்டம், தேர்வு மதிப்பெண்ணோடு உயர்நிலைப் பள்ளிகளின் முடிப்பு விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. முடிப்பு விகிதத்தை அவர்கள் கணக்கிடும் முறை நமக்கு அப்படியே உதவும். 9-ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களை எண்ணு, வேறு பள்ளிக்கு உண்மையாகவே மாறியவர்களைக் கழி, புதிதாக வந்தவர்களைக் கூட்டு, மீதியில் எத்தனை பேர் நான்கு வருடத்தில் முடித்தார்கள் என்று பார்.

இரண்டாம் படி: 9-ஆம் வகுப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊரிலும் 9-இல்தான் தொடங்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 2019-இல் அதைத் திருத்தி 5, 8 வகுப்புகளில் பெயிலாக்க இடம் கொடுத்தார்கள். தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்ததையும் 2020-இல் திரும்பப் பெற்றது. ஆகவே எட்டு வரை எல்லோரும் மேலே ஏறுவார்கள். பிள்ளையைப் பிடித்து நிறுத்தவோ வெளியே அனுப்பவோ பள்ளிக்கு வழி கிடைக்கும் முதல் வருடம் ஒன்பதாவது. அடுத்த வருடம் பொதுத்தேர்வு. பேனருக்கு யார் ஆவார், யார் ஆகமாட்டார் என்று பிரிப்பது அங்கேதான் நடக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் 9-ஆம் வகுப்புக்கு கிளாஸ் டீச்சர். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஆறு பிள்ளைகளின் பெற்றோரை வரச் சொன்னார்கள். ஒருவர் நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னதும் அவர் என்னைத்தான் பார்த்தார். “சார், நீங்க சொல்லுங்க சார். இப்ப எடுத்துட்டுப் போயி எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பேன்?” நான் பதில் சொல்லவில்லை. டி.சி.க்கான தாளில் வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். போட்டேன். மறு வருடம் அந்தப் பள்ளி பத்தாம் வகுப்பில் 100 சதவீதம். அந்தப் பையன் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்று பிறகு தெரிந்தது. இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கையெழுத்துதான் காரணம்.

சரி, கணக்குக்கு வருவோம். புரிவதற்காக ஒரு பள்ளியை நாமே வைத்துக்கொள்வோம். ஜூனில் 9-ஆம் வகுப்பில் 70 பேர். இரண்டு வருடத்தில் 9 பேர் டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்தது உறுதி. 5 பேர் புதிதாக வந்தார்கள். 70-இல் 9 போய் 5 வந்தால் 66. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவர்கள் 58 பேர், 58 பேரும் பாஸ். பேனரில் 100 சதவீதம். 58-ஐ 66-ஆல் வகுத்தால் 88 சதவீதம். நடுவே எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதே கணக்கைப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குத் தனியாகப் போடுங்கள். 9-இலிருந்து 12 வரை ஒரே மூச்சில் போட்டால் தப்பாகும். பத்து முடித்துப் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் போகிறவர்கள் படிப்பை விட்டவர்கள் கிடையாது.

துணைத் தேர்வில் பாஸ் ஆனவர்களுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். மார்ச்சில் கோட்டைவிட்ட பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து, அதே வருடம் துணைத் தேர்வில் கரையேற்றுகிற பள்ளி நல்ல பள்ளி. பேனரில் அந்தப் பிள்ளைக்கு இடமிருக்காது. உங்கள் தாளில் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். 2020-இல் பத்தாம் வகுப்புக்கும் 2021-இல் பத்து, பன்னிரண்டு இரண்டுக்கும் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். அந்த வருடங்களைச் சேர்க்காதீர்கள். அப்புறம், நம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் 14 பிள்ளைகள் இருப்பது சாதாரணம். அங்கே ஒரு பிள்ளை என்றால் 7 சதவீதம். ஒரே வருடத்தை வைத்துப் பள்ளி சரிந்துவிட்டது என்று சொன்னால் அநியாயம். மூன்று வருடத்துப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி, ஒரே தடவை வகுத்துப் பாருங்கள்.

எண்களை எங்கே வாங்குவது?

எல்லாப் பள்ளிக்கும் யு-டைஸ் என்ற 11 இலக்க அடையாள எண் உண்டு. யு-டைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளியைத் தேடினால் வகுப்பு வாரியாக எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று வரும். ஒரு வருடத்து 9-ஆம் வகுப்பு எண்ணை அடுத்த வருடத்து 10-ஆம் வகுப்பு எண்ணோடு ஒட்டிப் பாருங்கள். திடீரென்று குறைந்தால் கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. முழு விவரம் பள்ளிக்குள் இருக்கிறது. சேர்க்கைப் பதிவேடு, எமிஸ் என்ற மாநில அரசின் மாணவர் தகவல் பதிவு, பொதுத்தேர்வுக்கு அனுப்பிய நாமினல் ரோல் என்ற பெயர்ப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் கொடுங்கள் என்றால் தயக்கம் குறையும். நல்ல ஹெச்.எம். கேட்டதும் எடுத்து வைப்பார். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் பக்குவமாகப் பேசினால் கிடைக்கிற விஷயத்துக்கு மனு போடாதீர்கள். பள்ளியோடு நாளைக்கும் பேச வேண்டும்.

மூன்றாம் படி: அந்த எட்டுப் பேரைப் பிரியுங்கள்

வெறும் 88 சதவீதம் என்று நிறுத்தினால் பாதி வேலைதான். எட்டுப் பேரும் எட்டு விதமாகப் போயிருப்பார்கள். டி.சி. வாங்கியும் எங்கும் சேராதவர். பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆள் வரமாட்டார் என்பவர். ‘தனித்தேர்வராக எழுதிக்கொள்’ என்று தள்ளிவிடப்பட்டவர். திருப்பூருக்கு வேலைக்குப் போன பையன். கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று நின்ற பெண். முதல் மூன்றும் பள்ளியைப் பற்றிச் சொல்கின்றன. கடைசி இரண்டுக்கும் ஊருக்கும் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் பிள்ளை நின்ற முதல் வாரத்திலேயே யாராவது வீட்டுக்குப் போனார்களா என்று பள்ளியைக் கேட்கலாம்.

அதற்கு முன்னறிவிப்பு தருவது வருகைப் பதிவேடு. ஜூலை மாதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அப்போது எல்லோரும் வருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லீவு விட்டுத் திறந்த பிறகு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், சம்பா அறுப்பு நடக்கும் தை மாதத்தில் எந்தப் பெயருக்கு நேரே வரிசையாக ‘ஆப்சென்ட்’ விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்பில் காணாமல் போகிற பிள்ளை 9-ஆம் வகுப்புத் தை மாதத்திலேயே அந்தப் பதிவேட்டில் தெரிவான். என் அனுபவத்தில் இது தவறியது குறைவு.

நான்காம் படி: எட்டு வரை, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பாருங்கள்

எட்டாம் வகுப்பு வரை முடிப்பு விகிதம் எந்தப் பள்ளியிலும் நன்றாகவே இருக்கும். பெயிலே கிடையாது என்ற இடத்தில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பது தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அங்கே தேர்வுதான் பேச வேண்டும். ஒன்பதுக்கு மேலே முடிப்பு விகிதத்துக்கு எடை அதிகம் கொடுங்கள், எட்டு வரை அடைவுத் தேர்வுக்கு எடை அதிகம் கொடுங்கள். எது சிறந்தது என்ற வாதத்துக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

எந்தத் தேர்வு? வகுப்புத் தேர்வின் கேள்வித்தாளைத் தயாரித்துத் திருத்துவதும் அதே பள்ளிதான், அதனால் அது ஆகாது. வெளியிலிருந்து வைப்பது வேண்டும். தமிழ்நாட்டில் மாநில அளவிலான அடைவுத் தேர்வு 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு நடந்தது. உங்கள் பள்ளியின் நிலை என்ன என்று ஹெச்.எம்.மிடம் கேளுங்கள்.

வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஏசர் என்ற பெயரில் 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் நடத்தும் ஆய்வு இருக்கிறது. அதன் முறை மிக எளிது. வாசிப்பில் நான்கு படி: எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. கணக்கில் ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கும் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல். ஐந்தாவது படிக்கும் பிள்ளை இரண்டாம் வகுப்புக் கதையைத் தடுமாறாமல் வாசிக்கிறதா? 52-இல் 37 போனால் என்ன என்று போடுகிறதா? 847-ஐ 6-ஆல் வகுத்து மீதி 1 என்று சொல்கிறதா? உங்கள் தெருவில் அந்தப் பள்ளியில் படிக்கும் பத்துப் பிள்ளைகளைச் சனிக்கிழமை கூப்பிட்டுச் செய்யுங்கள். பயமுறுத்தாமல், சுண்டல் கொடுத்து, ஒவ்வொருவராகத் தனியே.

தனியே என்று ஏன் சொல்கிறேன், ஏன் புத்தகத்துக் கேள்வியை விட்டு வெளியே வரச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். பத்தாவது படித்தாள். ஒன் மார்க் கேள்விகளில் கெட்டிக்காரி. கேள்வியின் முதல் இரண்டு சொல்லை நான் வாசித்ததுமே “ஆ, சார்” என்பாள். ஒரு நாள் விடைகளின் வரிசையை மட்டும் மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன். அப்போதும் “ஆ, சார்”. அவள் படித்தது கணக்கை இல்லை, புத்தகத்தில் விடை இருக்கும் இடத்தை. மனசு கனத்துவிட்டது எனக்கு. அப்புறம் சும்மா கேட்டேன். “37 சிப்பம் நெல்லு, எத்தனை குவிண்டால்மா?” அவள் அப்பாவோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய் மூட்டை எண்ணியவள், சிப்பத்துக்கு 40 கிலோ என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விரலை மடக்கி, கண்ணை மேலே வைத்து, “14 குவிண்டால் 80 கிலோ, சார்” என்றாள். ஒரே பிள்ளை. ஒரு தேர்வு அவளுக்குத் தெரியாததைத் தெரியும் என்றது. தெரிந்ததை எந்தத் தேர்வும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விகளில் ஒன்றிரண்டு நம் ஊரிலிருந்து இருக்கட்டும். ஒரு மா 33 சென்ட் என்றால் 5 மா எத்தனை சென்ட்? காலையில் 6.40-க்குக் கிளம்பிய பஸ் 8.15-க்குத் தஞ்சாவூர் போனால் எவ்வளவு நேரம்? இரண்டு வித மதிப்பெண்ணையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். புத்தகக் கேள்வியில் எல்லோரும் முழு மதிப்பெண், ஊர்க் கேள்வியில் எல்லோரும் முழிப்பு என்றால், அங்கே மனப்பாடம்தான் நடக்கிறது.

ஐந்தாம் படி: மாவட்ட எண்ணைப் பள்ளியின் தலையில் கட்டாதீர்கள்

தேசிய அடைவுத் தேர்வு மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் மட்டும் நடப்பது. அது மாவட்டத்தைப் பற்றிச் சொல்லும், உங்கள் தெருமுனைப் பள்ளியைப் பற்றிச் சொல்லாது. எப்போது நடந்தது என்றும் பாருங்கள். 2021-இல் அது நடந்தது நவம்பர் 12. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகள் திறந்ததே நவம்பர் 1-இல்தான். நடுவில் தீபாவளி, கூடவே பலமான மழை. ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளியைப் பார்க்காத மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை வைத்து அந்த வாத்தியாரை எடைபோட முடியுமா?

தேர்ச்சி விகித வரிசையில் ‘நம்ம மாவட்டம் இத்தனை இடம் கீழே போயிடுச்சு’ என்று பேசுவதிலும் கவனம் வேண்டும். மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய நாகப்பட்டினம் எண்ணும் பிந்தைய நாகப்பட்டினம் எண்ணும் வேறு வேறு ஊர்களின் எண்கள்.

ஆறாம் படி: எங்கிருந்து தொடங்கினார்கள் என்று கேளுங்கள்

பதினொன்றில் பர்ஸ்ட் குரூப்புக்குப் பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் வாங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் பள்ளி, பன்னிரண்டில் நல்ல மதிப்பெண் காட்டுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? வருகிறவர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, 220 வாங்கி உள்ளே வந்த பிள்ளையை 600-க்கு 400 வாங்க வைக்கிற பள்ளி செய்த வேலை பெரிது. பத்தாம் வகுப்புச் சதவீதத்தையும் பன்னிரண்டாம் வகுப்புச் சதவீதத்தையும் பத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாடமும் தாளும் வேறு என்பதால் இது துல்லியமான கணக்காகாது, போக்கைக் காட்டும்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம். சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை நடத்துகின்றன என்ற புகாரால்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. பிள்ளைகளின் சுமை குறைந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அக்டோபர் மாதம் பிளஸ் ஒன் நோட்டைத் திறந்து என்ன பாடம் நடக்கிறது என்று பாருங்கள்.

ஏழாம் படி: இரண்டு எண்ணையும் ஒன்றுக்கொன்று காவலாக வையுங்கள்

எந்த எண்ணுக்குப் பரிசும் தண்டனையும் வைக்கிறோமோ அந்த எண் கெடும். அட்லாண்டா நகரத்தில் தேர்வு மதிப்பெண்ணுக்காக ஆசிரியர்களே விடைத்தாளை அழித்துத் திருத்தினார்கள். 2011-இல் வந்த விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு என்றது. வாஷிங்டனில் அதன் மறுபக்கம். முடிப்பு விகிதம் கிடுகிடுவென்று உயர, 2018-இல் விசாரித்தால், முந்தைய வருடம் பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் வாங்கியவர்களில் மூன்றில் ஒருவர் வருகை போன்ற விதிகளை மீறித் தேற்றப்பட்டவர். ஒன்றில் மதிப்பெண்ணைக் கூட்டினார்கள், மற்றதில் வாசலைத் தாழ்த்தினார்கள்.

நம் தாளில் இரண்டையும் சேர்த்துப் படித்தால் இது பிடிபடும். தேர்ச்சி 100, முடிப்பு 80 என்றால் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறார்கள். முடிப்பு 98, ஆனால் எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்றால் சும்மா மேலே தள்ளுகிறார்கள். தேர்ச்சி 95, முடிப்பு 93, பிள்ளைகள் தயங்காமல் வாசிக்கிறார்கள் என்றால், பேனரே கட்டாத அந்தப் பள்ளியில் நான் என் பேரனைச் சேர்ப்பேன்.

எந்தக் கணக்கிலும் வராத ஒன்றை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம், பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது கூரையையும், படிக்கட்டின் அகலத்தையும், சமையல் எங்கே நடக்கிறது என்பதையும், இரண்டாவது வழி திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகு எண்ணைக் கேளுங்கள்.

கடைசியாக: தாளை என்ன செய்வது?

பேஸ்புக்கில் போடாதீர்கள். பிள்ளைகளின் பெயர் எங்கும் வரக் கூடாது. மூன்று வருடத்து எண்களை ஒரே பக்கத்தில் எழுதி, ஹெச்.எம்.மிடம் தனியாக முதலில் காட்டுங்கள். உங்கள் எண்ணில் தப்பு இருந்தால் அவர் சொல்வார், திருத்துங்கள். பிறகு மேலாண்மைக் குழுவில் வையுங்கள். ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள்: 9-ஆம் வகுப்பில் யாருக்கு டி.சி. கொடுப்பதானாலும் அடுத்து எந்தப் பள்ளி என்று உறுதியான பிறகே கொடுக்க வேண்டும்.

அந்த எட்டுப் பேரில் ‘எங்கே என்று தெரியவில்லை’ என்ற கட்டத்தில் விழுந்தவர்களின் வீட்டுக்கு, ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஓர் ஆசிரியரும் ஒரு குழு உறுப்பினருமாகப் போய்வாருங்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் மிகக் குறைவு. போகும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணையும் தேர்வுக் கட்டணத்துக்கான பணத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.